ஐம்பது நிமிடத் தாமதம்

கடல் என்னிடம் வேலை பார்த்திருந்தால்
நாலாம் நாளே சீட்டைக் கிழித்திருப்பேன்.
தினமும் ஐம்பது நிமிடம் தாமதம்.
காரணம் கேட்டால்
நிலவைக் கைகாட்டும்.

பெர்மேயோ துறைமுகத்தின் முதுகுப்பக்கம்
சூரை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை எங்களுடையது.
யார் எப்போது வரவேண்டும் என்று
பதினோரு வருடமாக எழுதுகிறவன் நான்.
ஆறு முதல் இரண்டு. இரண்டு முதல் பத்து.
கட்டங்கள், கட்டத்துக்குள் பெயர்கள்.
எனக்கு நீந்தத் தெரியாது.

நெகானே மட்டும்
விடுப்புச் சீட்டில் நிமிடக் கணக்கு எழுதுவாள்.
செவ்வாய், பத்தேகாலிலிருந்து பன்னிரண்டேகால் வரை.
யாருக்கு உடம்பு சரியில்லை?
யாருக்குமில்லை.
கல்யாணமா, கோர்ட்டா?
வற்றம், என்றாள். பதினொன்று பத்துக்கு.

முந்தாக்காவில் ஆறு கடலைத் தொடும் இடத்தில்
ஒரு மணல்திட்டு.
நீர் வற்றவேண்டும்,
வடமேற்கிலிருந்து பேரலை வரவேண்டும்,
தெற்கிலிருந்து காற்று அதை எதிர்த்து நிற்கவேண்டும்
(தென்றல் என்று நினைத்துவிடாதீர்கள்,
கூரை ஓட்டைப் பெயர்க்கிற ரகம்).
மூன்றும் கூடினால் அலை
சுருண்டு ஒரு நீள அறையாகிவிடுமாம்.
பலகைமேல் நின்றபடி உள்ளே போய்
மறுபக்கம் வரலாமாம்.
வருடத்துக்கு இருபது நாள் கூடினால் அதிர்ஷ்டம்.
அதில் பாதி என் கட்டங்களில் சிக்கிக்கொள்கிறது.

முடியாது என்றேன்.
செவ்வாய்க்கிழமை பதினாலு டன் இறங்குகிறது.
அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.
கையுறையை மாட்டிக்கொண்டு
பட்டையின் ஆறாவது இடத்தில் போய் நின்றாள்.
கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய் ஒன்பதரைக்கு
மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன்.
இசாரோ தீவைத் தாண்டி
ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமேயில்லாமல்
அலைகள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன,
தலைக்கு மேல் வேலையே இல்லாதவர்களைப் போல.

அப்போது எதுர்னே படியேறி வந்தாள்,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு.
காபி இடைவேளை ஆளுக்குப் பதினைந்து நிமிடம்தானே?
ஆமாம்.
பட்டையில் அவளைத் தவிர எட்டுப் பேர்.
ஆமாம்.
எட்டையும் பதினைந்தையும் நீயே பெருக்கு,
என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நூற்றிருபது.
என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

தலைவலையைக்கூடக் கழற்றாமல்
பழைய வேனில் ஏறி ஓடினாள் நெகானே.
மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.
கத்திகள் அன்று ஏனோ சத்தமாக இருந்தன.
நானும் காபி குடிக்கவில்லை, அதை
யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பன்னிரண்டு பதிமூன்றுக்குத் திரும்பினாள்.
தலையிலிருந்து சொட்டியது, தாடையில் ஒரு சிராய்ப்பு.
மூன்று அலை என்றாள்.
முதலாவது போட்டுப் புரட்டியது,
இரண்டாவதை இன்னொருத்தன் பிடுங்கிக்கொண்டான்.
மூன்றாவது?
கையால் ஒரு வளைவு காட்டினாள், பாதியில் நிறுத்தினாள்,
கத்தியை எடுத்தாள்.
அதற்குப் பிறகு அவள் நறுக்கிய துண்டங்களில்
ஒரு முள்கூட இல்லை என்று சொல்ல ஆசைதான்.
இருந்தது. இரண்டு டப்பா திரும்பி வந்தன.

அடுத்த மாத அட்டவணையில்
ஓத நேரங்களை இடது ஓரம் குறித்துவைத்தேன்.
இதென்ன எண்கள், என்று முதலாளியம்மா கேட்டாள்.
இயந்திரப் பராமரிப்பு, என்றேன்.

கணக்குப் பார்த்து, கட்டம் மாற்றி,
கெஞ்சி, இரவு ஆட்களிடம் கடன் வாங்கி
ஒரு வியாழக்கிழமையை அவளுக்குக் காலியாக்கினேன்.
அன்று கடல்
கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் கிடந்தது.

ஆறு மணிக்கே வந்துவிட்டாள்.
லீவு, நெகானே, என்றேன்.
தெரியும். பதினைந்து நிமிடம் ஒன்றை அடைக்கணும், என்று
எதுர்னேயை நகர்த்திவிட்டு அவள் இடத்தில் நின்றாள்.

எதுர்னே காபி குடிக்கவில்லை.
உப்பு மூட்டைமேல் சாய்ந்தாள்.
இரண்டாம் நிமிடம் குறட்டை.

கடிகாரம் பார்த்தேன்.
பதினைந்து முடிந்தது.
பதினாறு.
இன்றைக்கு வற்றம் எத்தனை மணிக்கு என்று
ஓரத்தில் தேடுவதுபோல்
தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.